நீலகிரி மலை ரயிலின் நீராவி என்ஜினை அழகாகப் படம் எடுக்க: முழுமையான வழிகாட்டி

நீராவி என்ஜினைப் படம் எடுக்கப் போகிறவர்கள் நேராக என்ஜினிடம் போய் நிற்கிறார்கள். பின்னால் என்ன இருக்கிறது, வெயில் எந்தப் பக்கம், நீராவி எப்போது கிளம்பும் என்பதெல்லாம் அப்புறம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அதற்குள் வண்டி போய்விடும். இந்த வழிகாட்டியில் வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். முதலில் வண்டியின் திசை, பிறகு பின்னணி, பிறகு வெயில், அப்புறம் நிற்கும் இடம். கேமராவைத் தொடுவது அதற்கெல்லாம் பிறகுதான்.

எடுத்துக்காட்டுக்கு நீலகிரி மலை ரயிலையே வைத்துக்கொள்கிறேன். வேறு எங்கே எடுத்தாலும் பாதி விஷயம் பொருந்தும். மீதிப் பாதி இந்தப் பாதைக்கே உரியது.

1. எந்த வண்டி, எந்தப் பாதி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கி.மீ. இதில் நீராவி என்ஜின் ஓடுவது மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரைதான். குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜினை மாட்டிவிடுவார்கள். இது தெரியாமல் குன்னூருக்கு மேலே உள்ள லவ்டேல், கேத்தி நிலையங்களில் காத்திருந்து, டீசல் வண்டியைப் பார்த்து முகம் வாடுகிறவர்கள் நிறைய. வாடகைக்கு எடுக்கும் சிறப்பு ரயில்களில் எப்போதாவது நீராவி என்ஜின் ஊட்டி வரை போவதுண்டு. அதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். இந்தப் பாதையில் என்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் வந்து தடுத்துப் பிடிக்கும். 12 அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவில் பெட்டி கழன்றால் கீழே உருண்டுவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

படம் எடுப்பவருக்கு இதில் ஒரு சிக்கல். ஏறும் வண்டியில் என்ஜின் முழு பலத்தோடு உழைக்கிறது, நீராவி கொட்டுகிறது. ஆனால் என்ஜின் கடைசியில் இருக்கிறது. இறங்கும் வண்டியில் என்ஜின் முன்னால் கம்பீரமாக வருகிறது; ஆனால் இழுக்கும் வேலை இல்லாததால் புகைபோக்கியில் பெரிதாக ஒன்றும் இருக்காது. இரண்டும் ஒரே படத்தில் கிடைக்காது. எது வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதல் தடவை போகிறவர்களுக்கு ஏறும் வண்டியைத்தான் சொல்வேன். புதிதாக வருகிறவர்கள் வண்டி தங்களைத் தாண்டியதும் கேமராவை இறக்கிவிடுகிறார்கள். இந்தப் பாதையில் படமே வண்டி தாண்டிய பிறகுதான் தொடங்குகிறது.

2. கிளம்புமுன் கையில் இருக்க வேண்டியவை

நேரம்: ஏறும் வண்டி மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்புகிறது. இறங்கும் வண்டி ஊட்டியில் பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பி, மாலை ஐந்தரை மணியை ஒட்டி மேட்டுப்பாளையம் வந்து சேரும். அட்டவணை அவ்வப்போது மாறும் என்பதால் முதல் நாள் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ் பக்கம் மண்சரிவு ஏற்பட்டு வண்டி நாள்கணக்கில் நின்றுவிடுவது வழக்கம். ஜனவரி, பிப்ரவரி வைத்துக்கொண்டால் பாதையும் திறந்திருக்கும், காலைக் குளிரும் இருக்கும். குளிர் ஏன் வேண்டும் என்பதை ஆறாவது படியில் சொல்கிறேன்.

சீட்டு: காரில் துரத்திக்கொண்டே எடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மலைச்சாலையும் ரயில் பாதையும் வெகுதூரம் பள்ளத்தாக்கின் வேறு வேறு பக்கங்களில் போகின்றன. அடர்லி, ஹில்குரோவ் நிலையங்கள் காட்டுக்குள் இருக்கின்றன. ஒரு நாள் வண்டியிலேயே ஏறிப் போய், எந்த வளைவில் என்ன தெரிகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, இன்னொரு நாள் வெளியிலிருந்து எடுப்பதுதான் நல்ல வரிசை. டிக்கெட் வேகமாகத் தீர்ந்துவிடும், முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள்.

எல்லை: தண்டவாளத்தில் நடப்பது ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட உண்டு. சட்டத்தை விடுங்கள், கல்லாறு பகுதி யானைகளின் வழித்தடம். தண்டவாளத்தோரம் புதருக்குள் குந்தி உட்கார்ந்து வண்டிக்குக் காத்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை. பிளாட்பாரம், சாலையோரம், வண்டியின் ஜன்னல் ஆகிய மூன்று இடங்களே போதும். ட்ரோன் எண்ணம் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பணிமனைக்குள் போக வேண்டுமானால் முன்கூட்டியே எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள்.

கேமரா: ஏசி அறையில் இரவெல்லாம் கிடந்த கேமராவை விடிகாலையில் மேட்டுப்பாளையத்தின் ஈரக்காற்றுக்குக் கொண்டுவந்தால் லென்ஸ் உடனே வியர்த்துவிடும். துடைத்தால் மறுபடி வியர்க்கும். தங்கும் அறையில் ஏசி ஓடினால், கேமராப் பையைக் குளியலறையிலோ பால்கனிப் பக்கமோ வையுங்கள். இல்லாவிட்டால் முக்கால் மணி நேரம் முன்னாலேயே வெளியே எடுத்துவிடுங்கள். ஒரு மெல்லிய துணி சட்டைப்பையில் இருக்கட்டும். என்ஜினுக்கு அருகே நின்றால் நீர்த்துளியோடு கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் லென்ஸில் படியும். அதைச் சட்டை நுனியால் தேய்த்தால் படலமாகப் பரவி, அன்றைய படங்கள் எல்லாமே மங்கலாகிவிடும்.

லென்ஸ் என்று பார்த்தால் 24–105 மி.மீ. மாதிரி ஒன்று போதும். செல்போனிலும் நன்றாக எடுக்கலாம், அதற்கான குறிப்புகள் ஏழாவது படியில்.

3. பின்னணியைத் தேர்ந்த பிறகு என்ஜினுக்குக் காத்திருங்கள்

நீராவி வெள்ளை. பின்னால் வெளுத்த வானம் இருந்தால் அது கண்ணுக்கே தெரியாது. பின்னால் கரும்பச்சைக் காடோ, நிழலில் இருக்கும் மலைச்சரிவோ, பாறையோ இருந்தால் அதே நீராவி பொங்கி எழுவதுபோல் தெரியும். நல்ல படத்துக்கும் சாதாரணப் படத்துக்கும் இடையே இருக்கும் வித்தியாசத்தில் பாதி இதுதான். ஆனால் நின்ற இடத்தில் இதைப் பார்க்கிறவர்கள் குறைவு.

வண்டி வருவதற்கு முன் வெற்றுப் பாதையைக் கேமராவில் பாருங்கள். புகைபோக்கி எந்த உயரத்தில் வரும் என்று மனசுக்குள் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிக்கு மேலே, சட்டகத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இருட்டான பின்னணி இருக்கிறதா? இல்லையென்றால் பத்தடி நகருங்கள். பல சமயம் முழங்கால் மடக்கி உட்கார்ந்தாலே வானம் உள்ளே வந்துவிடும், ஒரு படிக்கட்டில் ஏறி நின்றால் வானம் போய்க் காடு வந்துவிடும். உயரத்தையும் தாழ்வையும் தீர்மானிக்க வேண்டியது இந்தப் பின்னணிதான்.

அடுத்து, கம்பங்கள். விளக்குக் கம்பம், சிக்னல், அறிவிப்புப் பலகை, குப்பைத் தொட்டி என்று எதுவும் புகைபோக்கிக்கு நேர் பின்னால் வரக்கூடாது. என்ஜின் தலையில் கம்பம் முளைத்த படத்தைத் திருத்துவது கடினம். நீராவிக்கு நடுவே அதை அழிக்கும்போது செயலிகள் பல சமயம் சொதப்பிவிடும்.

மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு வரை பாதை ஏறக்குறையச் சமதளம். பவானி ஆற்றுப் பாலம், பாக்குத் தோப்புகள். தோப்பின் நெடுமரங்கள் பின்னணிக்கு நன்றாக இருக்கும். கல்லாறுக்கு மேலே பல் தண்டவாளம் (என்ஜினின் பல் சக்கரம் பற்றி ஏற, நடுவே பற்கள் கொண்ட சட்டம் உள்ள பாதை) தொடங்கியதும் காடு, குகை, பாலம் என்று மாறிவிடும். மரநிழல் அடர்ந்த இடங்களில் வெயில் திட்டுத்திட்டாக என்ஜின் மேல் விழுந்து, எது சக்கரம் எது நிழல் என்றே புரியாமல் போகும். திறந்த இடங்களையே தேடுங்கள்: பாலம், நிலையம், பாறை வெட்டிய வளைவு. சாலையிலிருந்து எடுப்பவர்களுக்கு ரன்னிமேடு நிலையத்துப் பக்கம் வசதி.

4. வெயில் எந்தப் பக்கம்

ஐரோப்பிய, அமெரிக்கப் புகைப்பட நூல்களில் பாதைக்குத் தெற்குப் பக்கம் நில்லுங்கள் என்று இருக்கும். அவர்கள் ஊரில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே. நாம் 11 பாகை அட்சத்தில் இருக்கிறோம். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை நமக்கு உச்சி வெயிலே வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். டிசம்பர், ஜனவரியில் தெற்கு. எனவே ஜனவரியில் அழகாக வெயில் விழுந்த பக்கத்தில் ஜூனில் போய் நின்றால் நிழல்தான் கிடைக்கும். போன தடவை நின்ற இடம் என்பதற்காகவே மறுபடி அங்கே நிற்காதீர்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மொத்தத்தில் மேற்கே இருக்கிறது. வளைவுகளில் திசை மாறிக்கொண்டே இருந்தாலும் பொதுக்கணக்கு இதுதான். காலையில் வண்டி மேற்கே போகிறது, சூரியன் அதன் முதுகில். என்ஜின் இருப்பதும் வண்டியின் முதுகுப் பக்கம்தான்! ஆக, ஏறும் வண்டியைத் தாண்டிய பிறகு எடுத்தால் என்ஜின் மேல் நேராக வெயில், மேலே முழு நீராவி, இரண்டும் சேர்ந்து கிடைக்கும். மாலையில் இதற்கு நேர்மாறு. சூரியன் மேற்கே, வண்டி கிழக்கே இறங்கி வருகிறது. முன்னால் வரும் என்ஜினின் முகம் நிழலில் இருக்கும். அதோடு மேற்கே உயர்ந்த மலை நிற்பதால் பள்ளத்தாக்கில் வெயில் சீக்கிரமே மறைந்துவிடும்.

முகத்தில் நேராக அடிக்கும் வெயிலைவிட, பக்கவாட்டில் சற்றுப் பின்னாலிருந்து வரும் வெயிலில் நீராவி ஓரமெல்லாம் ஒளிரும். இரும்பின் விளிம்பில் ஒரு கோடு மின்னும். ஆனால் என்ஜினின் உடல் இருண்டுவிடும். நீராவிதான் படத்தின் நாயகன் என்றால் இந்த வெயில், சக்கரமும் அவற்றை இணைக்கும் இரும்புத் தண்டான ராடும் தெரிய வேண்டுமென்றால் முன்வெயில். நீராவி நிறைய இருக்கும் குளிர்காலையில் நான் முதலாவதைத்தான் தேர்வேன்.

வெயிலே இல்லாத மேகமூட்ட நாளில் மனம் சோர வேண்டாம். அன்று என்ஜினின் கரிய உடலில் இருக்கும் ஆணி, குழாய், வளையம் எல்லாம் நிதானமாகப் பதியும். வானத்தை மட்டும் சட்டகத்திலிருந்து முழுதாக வெளியே தள்ளிவிடுங்கள்.

5. நிற்கும் கோணம்

என்ஜினின் ஒரு முனையும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரியும்படி, சாய்வாக நில்லுங்கள். நேர் எதிரே நின்றால் வட்டமான முகம் மட்டும். நேர் பக்கவாட்டில் நின்றால் நீளம் மட்டும். சாய்வில்தான் கனம் தெரியும். பாதையோடு ஏறக்குறைய 30 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் செய்வது, மிக அருகே போய் அகலக் கோண லென்ஸில் எடுப்பது. அப்படி எடுத்தால் என்ஜினின் மூக்கு வீங்கும், பெட்டிகள் சுருங்கிப்போகும். பின்வாங்கி, 50-இலிருந்து 85 மி.மீ. வரை வைத்து எடுத்தால் கண்ணால் பார்த்த அளவு கிடைக்கும். செல்போனில் 0.5 அடையாளத்தைத் தொடவே வேண்டாம், ஒன்றோ இரண்டோ வையுங்கள்.

வளைவில் எடுக்கிறீர்கள் என்றால் உட்பக்கம் நின்றால்தான் என்ஜினும் பெட்டிகளும் ஒரே படத்தில் வரும். வெளிப்பக்கம் நின்றால் என்ஜின் பெட்டிகளை மறைத்துவிடும். வண்டிக்குள் இருந்து எடுப்பவர்களுக்கும் இதே கணக்குதான்: உங்கள் ஜன்னல் பக்கமாகப் பாதை வளையும்போது பின்னால் என்ஜின் தெரியும். தலையையும் கையையும் வெளியே நீட்டாமலே கிடைக்கும், சற்றுக் காத்திருந்தால் போதும். இங்கே 208 வளைவுகள் இருக்கின்றன, ஒன்று தவறினால் அடுத்தது வரும்.

சட்டகத்தில் கீழே சக்கரங்கள் வெட்டுப்படக்கூடாது, தண்டவாளம் கொஞ்சம் தெரிய வேண்டும். மேலே புகைபோக்கிக்கு மேல் நிறைய இடம் விடுங்கள். நீராவி எவ்வளவு உயரம் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மிச்சம் இருந்தால் பிறகு வெட்டிக்கொள்ளலாம், போதாமல் போனால் ஒன்றும் செய்ய முடியாது.

6. நீராவி கிளம்பும் நேரம்

முதலில் ஒரு தெளிவு. வெள்ளையாகத் தெரிவது நீராவி, குளிர்ந்த காற்றில் நுண்துளிகளாக மாறியது. கறுப்பாகத் தெரிவது புகை, எண்ணெய் சரியாக எரியாததால் வருவது. மலை ரயில் என்ஜின்களில் பெரும்பாலானவை இப்போது எண்ணெயில் எரிபவை. எரிப்பு சரியாக இருக்கும்போது கரும்புகை குறைவாகத்தான் இருக்கும். ஆகவே நம்பியிருக்க வேண்டியது வெள்ளை நீராவியை.

காற்று குளிராகவும் ஈரமாகவும் இருந்தால் அந்த வெள்ளை நெடுநேரம் நிற்கும். ஏப்ரல் மாத வெப்பத்தில் புகைபோக்கியை விட்டதும் காணாமல் போய்விடும். ஜனவரிக் காலையைச் சொன்னது இதற்காகத்தான். மேலே போகப் போகக் குளிரும். குன்னூர் 1,700 மீட்டருக்கு மேல். கீழே மெலிந்து தெரிந்த நீராவி மேலே பருத்துத் தெரிவதை வண்டியிலேயே கவனிக்கலாம்.

இனி உறுதியாக நீராவி கிடைக்கும் நேரங்கள்.

கிளம்பும் நொடி. நின்றிருந்த என்ஜினின் சிலிண்டருக்குள் நீராவி குளிர்ந்து தண்ணீராகத் தங்கியிருக்கும். அதை வெளியேற்றாமல் ஓட்டினால் சிலிண்டருக்கு ஆபத்து. அதனால் ஓட்டுநர் வடிகுழாயைத் திறந்துவைத்துத்தான் நகர்த்துவார். அப்போது சக்கரங்களுக்கு அருகே இரு பக்கமும் சீறிக்கொண்டு வெள்ளை மேகம் விரியும். சில சுற்றுகள்தான் நீடிக்கும், பிறகு மூடிவிடுவார். பிளாட்பாரத்தில் என்ஜினுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு அந்த மேகம்தான் தெரியும், என்ஜின் தெரியாது. 20, 30 அடி தள்ளி, காற்று வரும் திசையில் நில்லுங்கள். உங்கள் பக்கம் வரும் நீராவி எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டு என்ஜின் துலங்கும்.

தண்ணீர் பிடித்த பிறகு. வழியில் ஹில்குரோவ் போன்ற நிலையங்களில் என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும். பயணிகள் இறங்கி டீ குடிப்பார்கள், குரங்குகள் கையில் இருப்பதைப் பறிக்கும். பெரும்பாலானவர்கள் இங்கே நிற்கும் என்ஜினை எடுத்துவிட்டு ஓடிப்போய் ஏறிவிடுகிறார்கள். நின்றிருக்கும் நேரத்தில் தண்ணீர் பிடிக்கும் ஆளை எடுங்கள், இயந்திரத்தின் நுணுக்கங்களை எடுங்கள். விசில் அடித்ததும் ஏறி, என்ஜின் பக்கத்து ஜன்னலில் தயாராக இருங்கள். புறப்படும்போது வரும் மேகம் அங்கிருந்து கிடைக்கும்.

விசில். ஊதும்போது ஒரு வெள்ளைத் தெறிப்பு மேலே எழும். ஒலி காதுக்கு வந்த பிறகு பொத்தானை அமுக்கினால் அந்தத் தெறிப்பில் பாதிதான் மிஞ்சும். வளைவுக்கும் குகைக்கும் முன்னால் ஊதுவார்கள் என்று எதிர்பார்த்துத் தயாராக இருப்பதுதான் வழி.

7. கேமரா அமைப்பு

கரிய என்ஜின், வெள்ளை நீராவி. கேமரா இதில் ஒன்றைப் பார்த்து ஏமாறும். சட்டகம் முழுக்க என்ஜின் இருந்தால் கருப்பைச் சாம்பலாக்கப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும்; நீராவி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். அதில் போன விவரம் திரும்ப வராது. நிழலில் இருக்கும் விவரத்தை ஓரளவு பிறகு மீட்கலாம். அதனால் வெளிச்சத்தை ஒரு புள்ளியில் (ஸ்டாப் எனும் வெளிச்ச அளவு) மூன்றில் இரண்டு பங்கு, தேவைப்பட்டால் ஒரு முழுப் புள்ளி குறைத்தே வையுங்கள். ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) பதிவு செய்யுங்கள். வண்டி வருமுன் வெயில் படும் ஒரு வெள்ளைச் சுவரையோ மைல்கல்லையோ எடுத்து, அதில் விவரம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும், நீராவியும் பிழைத்துவிடும்.

மேனுவலில் வைத்துவிடுவது இன்னும் நல்லது. தானியங்கியில் விட்டால், கிளம்பும் மேகம் சட்டகத்தை நிறைத்த நொடியில் கேமரா அதைப் பார்த்து இருட்டாக்கிவிடும். ஒரே வரிசையில் எடுத்த படங்கள் ஒன்று இருட்டு, ஒன்று வெளிச்சம் என்று வரும்.

ஷட்டர் வேகத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பல் தண்டவாளப் பகுதியில் வண்டி மணிக்கு 13 கி.மீ. வேகத்தில் போகிறது, அதாவது ஒரு வினாடிக்கு 3.6 மீட்டர். 1/500 வினாடியில் அது ஏழு மில்லிமீட்டர்தான் நகரும், எல்லாம் உறைந்து நிற்கும். 1/30-இல் 12 சென்டிமீட்டர் நகரும். வண்டியோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பிக்கொண்டே எடுத்தால் பின்னணி கலைந்து ஓடும், என்ஜின் நிற்கும். முதலில் 1/500-இல் நாலு படம் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் 1/30 விளையாட்டு. வரிசை மாறினால் எதுவும் இல்லாமல் திரும்ப வேண்டியிருக்கும்.

துவாரம் (அப்பர்ச்சர்) எஃப் 8. முன்னும் பின்னும் தெளிவாக வர இது போதும். ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) காடு சூழ்ந்த இடத்தில் 800 வரை தயங்காமல் ஏற்றுங்கள். குவியத்தை (ஃபோகஸ்) முன்கூட்டியே தண்டவாளத்தின் ஒரு இடத்தில் பூட்டிவிடுங்கள். நீராவியைப் பார்த்தால் தானியங்கிக் குவியம் முன்னும் பின்னும் அலைபாயும், அந்த அரை வினாடியில் காட்சி போய்விடும்.

செல்போன்காரர்களுக்கு: என்ஜின் வரப்போகும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் குவியமும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும், பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். போர்ட்ரெய்ட் முறை கூடாது. எது நீராவி எது பின்னணி என்று அதற்குத் தெரியாது, மேகத்தின் ஓரத்தைக் கடித்து வைத்துவிடும். தொடர்ச்சியாகப் பல படம் எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள், காரணம் அடுத்த படியில்.

8. ராடு கீழே வரும் நொடி

சக்கரங்களை இணைத்து ஓடும் நீண்ட இரும்புத் தண்டுகள்தான் ராடு. சக்கரம் சுற்றும்போது இவை ஏறி இறங்கும். ராடு கீழ்நிலையில் இருக்கும்போது சக்கரங்களின் ஆரங்கள் திறந்து தெரியும், என்ஜின் தரையில் ஊன்றி நிற்பதுபோல் இருக்கும். மேல்நிலையில் சக்கரத்தையே மறைத்துக்கொண்டு தெரியும். நூறு பேரிடம் இரண்டு படங்களையும் காட்டினால் காரணம் சொல்லத் தெரியாமலே கீழ்நிலைப் படத்தைத்தான் பிடித்திருக்கிறது என்பார்கள். தொடர்ச்சியாக எட்டு, பத்து படம் எடுத்து அதில் ஒன்றைத் தேர்வதே நடைமுறை.

நீலகிரிப் பாதையில் ஓடும் எக்ஸ் வகுப்பு நீராவி என்ஜினில் கூடுதலாகப் பார்க்க ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் இரண்டு சிலிண்டர்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. கீழே உள்ளது சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். மேலே உள்ளது பல் சக்கரத்தை ஓட்டும். சமதளத்தில் கீழ் சிலிண்டர் மட்டும் வேலை செய்யும். கல்லாறு தாண்டிப் பல் தண்டவாளத்தில் ஏறியதும், கீழ் சிலிண்டரில் வேலை முடித்த நீராவி மேல் சிலிண்டருக்குப் போய் இன்னொரு முறை உழைக்கும். இந்த இரட்டை சிலிண்டர் தெளிவாகத் தெரியும்படி ஒரு பக்கவாட்டுப் படம் அவசியம் எடுங்கள். இது சாதாரண என்ஜின் இல்லை, மலையேறும் என்ஜின் என்பதற்கு அதுதான் அடையாளம். நிலையங்களில் பிளாட்பார ஓரத்திலிருந்து தண்டவாளத்தின் நடுவே ஓடும் பல் சட்டத்தையும் சேர்த்து எடுக்கலாம்.

9. ஆட்களை உள்ளே விடுங்கள்

பயணிகள் கூட்டம் நடுவே வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் ஆளே இல்லாத என்ஜின் படம் அருங்காட்சியகத்தில் எடுத்த மாதிரி இருக்கும். வேலை செய்யும் ஆட்கள் வேண்டும்.

ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்பார், பெட்டிக்குத் தனித்தனி பிரேக். ஏறும் வண்டியில் முன்னால் நிற்பவர்தான் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுவார், ஏனென்றால் ஓட்டுநர் பின்னால் இருக்கிறார். ஆக, வண்டி உங்களை நோக்கி வரும்போது முன் பெட்டியில் நிற்கும் அவர், பின்னால் எழும் நீராவி என்று ஒரு படம். தாண்டிய பிறகு என்ஜின் என்று இரண்டாவது படம். ஒரே வண்டியில் இரண்டும் கிடைக்கும், முதல் படியில் சொன்ன சிக்கலுக்கு ஓரளவு சமாதானம்.

அருகிலிருந்து முகத்தை எடுப்பதானால் கேட்டுவிடுங்கள். “அண்ணா, ஒரு போட்டோ எடுத்துக்கலாங்களா?” என்றால் போதும். கேட்ட பிறகு அவர்கள் விறைப்பாக நின்று போஸ் கொடுப்பார்கள், அதையும் எடுங்கள். பிறகு அவர்கள் திரும்பி வேலையைப் பார்க்கத் தொடங்கும்போது இன்னொன்று எடுங்கள், அதுதான் நிற்கும். என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கும்போதும் எண்ணெய் விடும்போதும் வழியில் நின்று மறிக்காதீர்கள்.

குன்னூரில் காலை பத்தரை மணி வாக்கில் என்ஜின் கழன்று தனியாக நகரும். பயணிகள் கவனமெல்லாம் புதிதாக மாட்டும் டீசல் மேல் இருக்கும். கூட்டமில்லாமல் என்ஜினும் அதன் ஆட்களும் மட்டும் கிடைக்கும் நேரம் அது. நேரே தேநீர்க் கடைக்குப் போய்விடாதீர்கள்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

திருத்தும்போது பலர் முதலில் செய்வது, சாய்ந்திருக்கும் தண்டவாளத்தை நேராக்குவது. சில செயலிகள் கேட்காமலே செய்துவிடும். இங்கே அது பெரும்பிழை. 12-க்கு 1 சரிவு என்றால் ஏறக்குறைய 4.8 பாகை. தண்டவாளமும் பெட்டிகளும் அந்த அளவு சாய்ந்துதான் இருக்கும், இருக்கவும் வேண்டும். நேராக்கினால் மரங்களும் நிலையக் கட்டடமும் ஒரு பக்கம் சாய்ந்து, மலையேற்றம் இருந்த தடமே மறைந்துவிடும். மரத்தையோ கம்பத்தையோ செங்குத்தாக நிறுத்துங்கள், தண்டவாளம் தன் பாட்டுக்குச் சாயட்டும்.

அடுத்து நிழலைக் கொஞ்சம் தூக்குங்கள், சக்கரப் பகுதி தெரியும் வரை மட்டும். அதற்கு மேல் தூக்கினால் கரிய இரும்பு சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். நீராவிக்கு மாறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) சற்றுக் கூட்டலாம். நீலத்தைக் கூட்டும் பொத்தான் பக்கம் போகாதீர்கள். பெட்டிகள் ஏற்கெனவே நீலம், கூட்டினால் பிளாஸ்டிக் பொம்மைபோல் பளபளக்கும்.

கோப்பில் தேதி, இடம், என்ஜின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண் மூன்றையும் குறித்து வையுங்கள். பழைய என்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டவை, புதியவை திருச்சி பொன்மலைப் பணிமனையில் செய்யப்பட்டவை. தொலைவிலிருந்து இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எந்த என்ஜின் என்று பிறகு யாராவது கேட்டால், எண்ணைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.